தேயிலைப் பெட்டியின் வழியும் தொழிலாளியின் பாதையும்: மலையகப் போக்குவரத்தில் அரசின் மேற்பார்வை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போக்குவரத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர், பாதை சமைத்த பொறியியலாளரின் பெயரையும், பாலத்தின் நீளத்தையும், முதற் புகையிரதம் ஓடிய நாளையும் வரிசைப்படுத்திக் கூறுவதோடு அமைந்துவிடுவது எம்மிடையே பெருவழக்காக உள்ளது. இத்தகைய வரலாற்றிலே பாதைகள் தாமாகவே வளர்கின்றன, நாகரிகம் மலையேறுகின்றது, நாடு முன்னேறுகின்றது. ஆனால் பாதை என்பது இரண்டு ஊர்களை இணைக்கும் ஒரு கோடு மாத்திரமன்று. அது யாருடைய பொருளை எங்குக் கொண்டு செல்வதற்காக அமைக்கப்பட்டது, அதற்கான செலவை யார் இறுத்தனர், அதற்கான உழைப்பை யார் நல்கினர், அமைந்த பின்னர் அதன்மீது ஆணை செலுத்தும் உரிமை யாரிடம் இருந்தது ஆகிய வினாக்களை எழுப்பும்பொழுதே அதன் சமூக உள்ளடக்கம் புலனாகும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டை, குறிப்பாக ஹற்றன், தலவாக்கொல்லை, நுவரெலியாப் பகுதிகளை, இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்கும்போது ஒரு முரண்பாடு கண்ணிற் படுகின்றது. நாட்டின் போக்குவரத்துக்கென அரசு செலவிட்ட பணத்திலும் கவனத்திலும் பெரும்பங்கு கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இப்பிரதேசத்தை நோக்கிச் சென்றது. எனினும் இப்பிரதேசத்தின் பெரும்பான்மை உழைப்பாளர் வாழும் லயன்களுக்குச் செல்லும் பாதைகள் நெடுங்காலம் பொதுப்பாதைகளாகவே கருதப்படவில்லை. அரசின் மேற்பார்வை விளைபொருளைப் பின்தொடர்ந்து துறைமுகம் வரை சென்றது. உழைப்பாளியை அது பின்தொடர்ந்தபோது காவலாகவும் கணக்கெடுப்பாகவுமே சென்றது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, ஆட்சிகள் மாறியும் எவ்வாறு நிலைத்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கண்டி வீதி

காட்டையும் கணவாயையும் அரணாகக் கொண்டிருந்த கண்டி இராச்சியத்தில் அகன்ற பாதைகள் இல்லாமை ஒரு குறைபாடாக இருக்கவில்லை. அது பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தது. 1815இல் அவ்விராச்சியம் பிரித்தானியர் வசமானதும், 1817-18ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி அடக்கப்பட்டதும் பாதையின் தேவையைப் படைத்துறை நோக்கில் உணர்த்தின. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820இல் கொழும்பு-கண்டி வீதி வேலையைத் தொடக்கினார். அதற்குப் பொறுப்பாயிருந்த கப்டன் டோசனின் நினைவுத் தூண் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. அவ்வீதிக்காகப் பாறை பிளந்தவர்களுக்கு அத்தகைய நினைவுச்சின்னம் எதுவுமில்லை.

அவ்வுழைப்பு இராஜகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழிய முறையின் மூலம் பெறப்பட்டது. மன்னனுக்கும் நிலத்துக்கும் உரியதாயிருந்த நிலமானிய ஊழியத்தை, முதலாளித்துவத்தின் முதற்பாதையை அமைப்பதற்குக் குடியேற்ற அரசு பயன்படுத்திக்கொண்டது. பழைய உற்பத்தி உறவை அழிக்கவந்த சக்தி, தன் தேவைக்கு அதனையே முதலில் கசக்கிப் பிழிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோது, கண்டி வீதி பெரும்பாலும் அமைந்துவிட்டது. அதே பார்ன்ஸ், கண்டிக்கண்மையில் கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார் என்பதும் தற்செயலன்று. வீதியைத் திறந்தவரும் வீதியால் இலாபமடையவிருந்த வர்க்கமும் ஒருவரேயாயிருந்த காலம் அது.

கட்டாய ஊழியம் ஒழிந்ததெனினும் அதன் சாயல் ஒழியவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்தல் வேண்டும், அல்லது அதற்கீடாக மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டிலே மாத்தளையை மையமாகக் கொண்டு வெடித்த எழுச்சிக்கு இவ்வரியும் ஏனைய வரிகளும் உடனடிக் காரணங்களாயின. கோப்பித் தோட்டங்களுக்குத் தேவையான பாதைகளின் சுமை, அத்தோட்டங்களுக்காக நிலமிழந்த கண்டிக் குடியானவனின் தோளில் ஏற்றப்பட்டமையே அவ்வெழுச்சியின் பொருளாதார உட்கிடை எனலாம். சிங்களக் குடியானவனும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் பிற்காலத்தில் ஒருவருக்கெதிராக மற்றவர் நிறுத்தப்பட்டனர். மலைநாட்டுப் பாதைகளின் அடித்தளத்திலோ இருவரின் உழைப்பும் ஒன்றன்மேலொன்றாகப் படிந்து கிடக்கின்றது.

2. புகையிரதம்: யாருடைய தேவை?

கண்டியிலிருந்து கொழும்புக்குக் கோப்பி மாட்டுவண்டிகளிற் சென்றது. பயணம் பல நாட்களை விழுங்கிற்று. மழைக்காலத்தில் வீதி சேறாகியது. வண்டிக்கூலி விளைச்சற் காலத்தில் ஏறியது. உற்பத்திச் செலவைவிடப் போக்குவரத்துச் செலவே தோட்டத்துரைமாரின் முதன்மையான முறைப்பாடாயிற்று. 1854இல் அமைந்த இலங்கைத் தோட்ட உரிமையாளர் சங்கத்தின் ஆரம்பகாலக் கோரிக்கைகளிற் புகையிரதம் முதன்மை பெற்றமை இதனாலேயேயாம்.

1845இல் இலண்டனில் அமைக்கப்பெற்ற இலங்கைப் புகையிரதக் கம்பனி நெடுங்காலம் பேச்சளவிலேயே இருந்தது. 1858 ஓகஸ்டில் தேசாதிபதி ஹென்றி வாட் முதல் மண்வெட்டைத் தொடக்கி வைத்தார். எனினும் மதிப்பிடப்பட்ட செலவு எல்லை மீறியதால், 1861இல் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டு வேலையை அரசே ஏற்றது. தனியார் முதல் துணியாதவிடத்து அரசின் முதல் இறங்கிற்று. தனியார் முயற்சியின் மேன்மையை இடையறாது போதித்த அதே ஆட்சி, தோட்ட முதலாளித்துவத்துக்கு இன்றியமையாத ஒரு துறையைத் தன்னுடைமையாக நடத்துவதிற் சிறிதும் தயங்கவில்லை. அரசுடைமை என்பது தன்னளவிற் சமூகவுடைமை ஆகாது என்பதற்கு எமது நாட்டின் முதலாவது சான்று இலங்கை அரசாங்கப் புகையிரதமேயாகும்.

1864 டிசெம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி சென்றது. 1867இல் அது கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹற்றன், 1885இல் நானுஓயா என இருப்புப்பாதை படிப்படியாக மலையேறியது. பின்னர் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை அடைய 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இறாகலைக்குச் சென்ற ஒடுங்கிய பாதை 1903-04ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனப் போட்டியால் 1940களில் மூடப்பட்டது.

இவ்வாண்டுகளை நாட்டின் ஏனைய பகுதிகளின் ஆண்டுகளோடு ஒப்பிடுக. யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை 1905இலும், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் 1920களின் பிற்பகுதியிலுமே கிடைத்தது. நெற்செய்கையும் மீன்பிடியும் நடைபெற்ற பிரதேசங்களை விட்டு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரமான பட்டிப்பொலையை நோக்கி இருப்புப்பாதை முதலிற் சென்றமைக்குப் புவியியல் காரணமாக இருக்க முடியாது. புவியியல் அதற்கு எதிராகவே நின்றது. கோப்பியும் அதன்பின் தேயிலையுமே காரணமாகும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, 1880களில் மலையெங்கும் பரவிற்று. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலவிற்பனை ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டு ஹற்றனுக்குப் புகையிரதம் வந்தது. தேயிலை பறித்த அன்றே ஆலைக்குச் செல்ல வேண்டிய பயிர். ஆலைக்கு இயந்திரம் வேண்டும். பொதி செய்யப் பெட்டிப்பலகை வேண்டும். உழைப்பாளருக்கு அரிசி வேண்டும். இவையனைத்தையும் மேலே ஏற்றவும், நிறைந்த பெட்டியைக் கீழே இறக்கவும் இருப்புப்பாதையின்றி அவ்வளவு விரைவான விரிவு இயலாததாகும்.

நிலையங்களின் பெயர்களே இவ்வரலாற்றைக் கூறும். ரொசெல்ல, கிறேற் வெஸ்ரேண், ரதெல்ல ஆகியன தோட்டங்களின் பெயர்களாகவும் உள்ளன. கிராமங்களை இணைத்துச் சென்ற பாதையாயின் கிராமங்களின் பெயர்களே மிகுந்திருக்கும். மலையைக் குடைந்து இச்சுரங்கங்களை அமைத்தோரிற் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளராவர். ஹற்றனுக்கும் கொட்டகலைக்குமிடையேயுள்ள நீண்ட சுரங்கத்தை மக்கள் சிங்கமலைச் சுரங்கம் என வழங்குகின்றனர். அதிகாரபூர்வமான பெயரிடலுக்கு வெளியே மக்கள் இட்டுக்கொண்ட அப்பெயர், அவர்தம் உழைப்பின் உரிமைக்குரலெனவும் கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் 1853இல் கார்ல் மார்க்ஸ் இந்தியப் புகையிரதம் பற்றி எழுதியதை நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஆங்கில ஆலை முதலாளிகள் பருத்தியையும் பிற மூலப்பொருள்களையும் குறைந்த செலவிற் பெறுவதற்காகவே இருப்புப்பாதை அமைக்க முனைகின்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எனினும் இரும்பும் நிலக்கரியும் உள்ள நாட்டில் அது நவீன கைத்தொழிலுக்கு முன்னோடியாகியே தீரும் எனவும் எதிர்பார்த்தார். 1881இல் எழுதிய கடிதமொன்றில் அவரது மதிப்பீடு பெரிதும் கடுமையானது. இருப்புப்பாதை இந்திய மக்களுக்குப் பயனற்றது என்றே அங்கு குறிப்பிட்டார். இலங்கையின் அனுபவம் இரண்டாவது மதிப்பீட்டுக்கே அணித்தாக நிற்கின்றது. இரத்மலானைப் புகையிரத வேலைத்தளம் போன்ற ஓரிரு மையங்களை விட, மலையேறிய இருப்புப்பாதை கைத்தொழில் எதனையும் உடன்கொண்டு செல்லவில்லை. ஆனால் அது ஒரு தொழிலாளர் வர்க்கத்தை உருவாக்கியது. 1912இலும் 1923இலும் கொழும்பிற் புகையிரதத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தங்கள் நாட்டின் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கப் பக்கங்களாகும்.

3. கிளைப்பாதைகள்: உரிமையாளரின் தன்னாட்சி

பெருவீதியும் புகையிரதமும் அரசின் பொறுப்பாயின. அவற்றிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் பாதைகளை யார் பொறுப்பது? இங்கேதான் குடியேற்ற அரசின் மேற்பார்வை முறை தனது வர்க்கத் தன்மையை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுத்துகின்றது.

1861ஆம் ஆண்டின் வீதிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்கீழ் மாகாண, மாவட்ட வீதிக்குழுக்கள் அமைந்தன. 1896ஆம் ஆண்டின் கிளைவீதிகள் கட்டளைச் சட்டம், பல தோட்டங்களுக்குப் பயன்படும் கிளைப்பாதையின் செலவை அரசும் தோட்டங்களும் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. தோட்ட உரிமையாளரையும் அவர்தம் முகாமையாளரையும் கொண்ட உள்ளூர்க் குழுக்கள் அப்பாதைகளை நிருவகித்தன. தோட்டவீதிகளுக்கென 1902இல் மற்றுமொரு கட்டளைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இவ்வேற்பாட்டில் நிலத்தின் பரப்பே பங்கையும் குரலையும் தீர்மானித்தது. அப்பிரதேசத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர். பாதை பற்றி முடிவெடுக்க உரித்துடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. வெள்ளைத் துரைமாருக்கு அரசு வழங்கிய முதலாவது உள்ளூராட்சி, பாதைகள் மீதான தன்னாட்சியே என்று கூறின் அது மிகையாகாது.

இக்கிளைப்பாதைக்கு அப்பால், ஆலையிலிருந்து லயனுக்கும் மலைக்கும் செல்லும் பாதைகள் முற்றிலும் தனியார் உடைமையாகவே இருந்தன. தனியார் உடைமை என்னும் சட்ட நிலை வெறும் பராமரிப்புப் பிரச்சினை அன்று. அது ஓர் அரசியல் ஆயுதம். தோட்டத்துப் பாதையிற் கால்வைக்கும் வெளியாளைத் துரை அத்துமீறியவனாகக் கொள்ளலாம். கோ. நடேசய்யர் 1919இற் புடைவை வியாபாரி வேடம்பூண்டு தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார் என்பது மலையகத்தில் நன்கறியப்பட்ட செய்தி. அவர் வேடம்பூண நேர்ந்தமைக்குக் காரணம் பாதையின் உடைமையே. அவர் பின்னர் 1931இல் ஹற்றனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத்துக்குள் கூட்டம் கூட இயலாதபோது புகையிரத நிலையமும் கடைவீதியும் அமைந்த ஹற்றன் போன்ற நகரங்கள், அரசின் பாதையில் அமைந்தமையாலேயே, தொழிற்சங்கத்தின் இயல்பான மையங்களாயின. துறைமுகத்துக்குத் தேயிலை அனுப்ப அமைக்கப்பட்ட பாதை, அமைத்தவர் எண்ணாத ஒரு பயனையும் விளைவித்தது.

4. கடலும் கரையும்: மனிதரின் போக்குவரத்து

இதுவரை நோக்கியது பொருளின் போக்குவரத்து. உழைப்பாளியின் போக்குவரத்தை அரசு எவ்வாறு மேற்பார்வை செய்தது?

தொடக்ககாலத்தில் அது மேற்பார்வை செய்யவேயில்லை. தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் முதலான கரைகளிலிருந்து தோணிகளில் வந்தோர் மன்னாரில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டுவழியிலே தம்புள்ளை ஊடாக மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். அதே காலத்திற் கோப்பிக்கென வீதிகள் செப்பனிடப்பட்டுக்கொண்டிருந்தன என்பதை இணைத்து நோக்குதல் வேண்டும். கோப்பி மூட்டைக்கு ஒரு விலை இருந்தது. அது வழியில் அழிந்தால் நட்டம் துரைக்கு. வழியில் மாண்ட தொழிலாளியின் பயணச்செலவு அவனோடு வந்த குடும்பத்தின் கடனாகக் கங்காணியின் கணக்கில் ஏறியது. ஆகவே நட்டம் துரைக்கு இல்லை.

அரசின் கண் தொழிலாளியின்மீது திரும்பியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று தொற்றுநோய் பற்றிய அச்சம். மற்றையது தேயிலையின் விரிவுக்கு ஒழுங்கான உழைப்பு வரத்து தேவைப்பட்டமை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டு, தூத்துக்குடி-கொழும்பு வழி முதன்மை பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாள எண் பொறிக்கப்பட்ட தகரத் துண்டை வைத்திருந்தவர், வழியிற் பணம் செலுத்தாமல் தோட்டம் வரை அனுப்பி வைக்கப்பட்டார். செலவு தோட்டத்தின் பற்றில் எழுதப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியை நிலையமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் இயங்கத் தொடங்கியது. பெட்டியின்மீது தோட்டத்தின் பெயர் பொறித்து அனுப்பும் முறைக்கும், மனிதனிடம் தோட்டத்தின் எண் கொடுத்து அனுப்பும் முறைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. இரண்டும் சரக்கு அனுப்பும் முறையே.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப்பாதையும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அங்கிருந்து கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் புகையிரதம். இருநாட்டுப் பொறியியலின் பெருமையெனப் போற்றப்படும் இவ்விணைப்பின் மறுமுகம் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய அம்முகாமிலே தோட்டத்துக்குச் செல்வோர் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, உடைகள் கிருமிநீக்கப்பட்டுப் பின்னர் அனுப்பப்பட்டனர். மேல்வகுப்புப் பயணிக்கு அது ஒரு தரிப்பிடம். தொழிலாளிக்கு அது தடுப்பிடம். ஒரே கடல், ஒரே கப்பல். வர்க்கத்துக்கேற்ப வேறுபட்ட மேற்பார்வை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) இப்பயணத்தைப் புனைகதையில் வடித்த முன்னோடி நாவல்களுள் ஒன்றாகும்.

1939இல் நிலைமை தலைகீழாகியது. வேலையின்மையைக் காரணங்காட்டி, புகையிரதம், துறைமுகம், பொதுவேலை முதலான அரச திணைக்களங்களிலே நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்க அரசாங்கசபை அமைச்சர்கள் முடிவுசெய்தனர். அப்பொழுது போக்குவரத்து, பொதுவேலை அமைச்சர் ஜோன் கொத்தலாவலை. இருப்புப்பாதையையும் துறைமுகத்தையும் அமைத்துப் பேணியவர்களே அவற்றில் உபரியானவர்களாக்கப்பட்டனர். நேரு கொழும்புக்கு வந்து பேசியும் முடிவு மாறவில்லை. அவ்வருகையின்போதே, 1939 ஜூலையில், இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிற்று. இந்திய அரசு அடுத்த மாதமே பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. நூறாண்டுக்கு மேலாகத் திறந்திருந்த கடல்வழி அவ்வாறு மூடிற்று.

1948இன் பின்னர் கரையோர மேற்பார்வை புதிய பொருள் பெற்றது. குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1952 முதல் கடற்படைக்குத் துணையாக இராணுவம் வடமேற்குக் கரையிலே காவலில் ஈடுபடுத்தப்பட்டது. 1963இல் சட்டவிரோதக் குடிவரவைத் தடுப்பதற்கெனத் தனிப்படை அமைந்தது. இக்காலத்தில் பரவிய 'கள்ளத்தோணி' என்னும் வசைச்சொல், கரையில் நடைபெற்ற காவலை மலையிலுள்ள லயன் வரை கொண்டு சென்றது. அரசு வரவேற்று, எண்ணிட்டு, சீட்டுக் கொடுத்து, தன் கப்பலிலும் தன் புகையிரதத்திலும் ஏற்றி வந்த மக்களின் பேரப்பிள்ளைகள், தோணியிற் களவாக வந்தோராகச் சுட்டப்பட்டனர். மொழியிலே நிகழ்ந்த இம்மாற்றம் வரலாற்றையே திருடிய செயலாகும்.

5. தேசியமயமும் நாடற்றோரும்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டில் ஏழு ஆசனங்களைப் பெற்றது. குடியுரிமைச் சட்டங்களின் விளைவாக 1952இல் அவ்வாசனங்களில் ஒன்றேனும் எஞ்சவில்லை. தேர்தல் மூலம் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியொருவர் மீண்டும் பாராளுமன்றம் புகுவதற்கு 1977 வரை செல்லவேண்டியிருந்தது. நாட்டின் போக்குவரத்துக் கொள்கை பெருமாற்றங்களுக்குள்ளான காலமும் சரியாக அந்தக் கால்நூற்றாண்டேயாகும்.

1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதே ஆண்டிற் கொழும்புத் துறைமுகத்தின் சரக்கேற்றிறக்கல் வேலைகளும் அரசுடைமையாயின. இவை முற்போக்கான நடவடிக்கைகள் என்பதில் ஐயமில்லை. இலாபமற்ற கிராமப் பாதைகளிலும் பஸ் ஓடத் தொடங்கியது. மாணவருக்குக் குறைந்த கட்டணப் பருவச்சீட்டுக் கிடைத்தது. ஆனால் பஸ் அரச வீதியில் ஓடும். அரச வீதி முடியுமிடத்தில் நிற்கும். அச்சந்தியிலிருந்து மேற்பிரிவு லயனுக்குச் செல்லும் சில மைல்கள் தேசியமயத்தின் எல்லைக்கு வெளியே இருந்தன. தேசியம் என்னும் சொல்லின் எல்லையும் அச்சந்தியிலேயே முடிந்தது எனலாம். வாக்கில்லாதவர் வாழுமிடத்துக்குப் பாதை கேட்பதற்கு எந்த வேட்பாளருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

இக்காலப்பகுதியில் மலையகத் தொழிலாளருக்கென அரசு தனியாக ஒழுங்குசெய்த போக்குவரத்து ஒன்றே. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது; எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். ஹற்றன், நானுஓயா முதலான நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதங்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது. புகையிரதத்தைக் கோச்சி என்பது மலையக வழக்கு, ஒப்பாரி இறந்தார்க்குரியது. உயிரோடு பிரிவோருக்கு மரணச் சடங்கின் சொல்லை மக்கள் வழங்கியமை, ஒப்பந்தங்களின் எண்களிற் காணக்கிடையாத உண்மையை உரைக்கின்றது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. 1980களின் முற்பகுதியில், இனக்கலவரமும் போரும் சூழ்ந்தபோது, அச்சேவையும் நின்றது. ஒருகாலத்தில் தோட்டத்துக்குச் செல்வோரைத் தடுத்து வைத்த மண்டபம் முகாம், இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளின் முகாமாயிற்று.

6. தோட்டத்துப் பாதை யாருடையது?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தனியார் உடைமை என்பதனாலேயே தோட்டத்துப் பாதை பொதுப்பாதையாகவில்லை என்னும் வாதம் சரியாயின், 1975இன் பின்னர் அப்பாதைகள் பொதுப்பாதைகளாகியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் துரையின் ஆசனத்தில் அமர்ந்தன. பாதை தோட்டத்தின் பாதையாகவே தொடர்ந்தது. 1992இல் முகாமை தனியார் பிராந்தியக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோதும் அப்பாதைகள் அவற்றோடு சேர்ந்தே கைமாறின. பிரித்தானியக் கம்பனி, அரச கூட்டுத்தாபனம், உள்நாட்டுக் கம்பனி என உடைமையாளர் மூவகையினராக மாறினர். பாதையின்மீது அதில் நடப்போருக்கு உரிமையில்லை என்னும் உறவு மட்டும் மாறவில்லை. ஆகவே பிரச்சினையின் வேர் உடைமையின் பெயரில் இல்லை. தோட்டத்தை ஒரு குடியிருப்பாகக் கொள்ளாது உற்பத்தி அலகாக மாத்திரம் கொள்ளும் நோக்கில் உள்ளது.

உள்ளூராட்சிச் சட்டங்களும் இந்நோக்கையே பிரதிபலித்தன. 1930களின் இறுதியிற் கிராமக் குழுக்களில் தோட்டக் குடியிருப்பாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக அமைந்ததென்றே நடைமுறையிற் கொள்ளப்பட்டது. அதற்கிடையில் தோட்டத் தொழிலாளர் குடியுரிமை பெற்று அச்சபைகளுக்கு வாக்களித்தனர். தம்மவரையே தலைவராகவும் தெரிந்தனர். தெரியப்பட்டவர் தம்மைத் தெரிந்தோரின் பாதையில் ஒரு கூடை கல் கொட்டச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் இத்தடையை நீக்கிற்று. இது நெடுநாட் போராட்டத்தின் பேறு. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் நிலமும் பாதையும் குத்தகைக்காரரின் கைகளிலேயே உள்ளன. சட்டத்தின் கதவு திறந்துள்ளது. பாதையின் உடைமை மாறவில்லை.

இதற்கிடையே தோட்ட உட்கட்டமைப்புக்கென்று தனி அமைச்சுகள் காலத்துக்குக் காலம் தோன்றின. அவற்றினாற் பல பாதைகள் கொங்கிறீற்று இடப்பட்டன என்பது உண்மை. ஆனால் பெருந்தெருக்களுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகாரசபை இருக்கின்றது; பஸ் சேவைக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு இருக்கின்றது. ஏனைய குடிமக்களுக்குச் சட்டம் வழங்கும் ஒன்றை, தோட்டத்து மக்கள் அமைச்சரின் கொடையாகப் பெறவேண்டியிருந்தது. உரிமை கொடையாகும்போது அது தேர்தலோடு வந்து தேர்தலோடு போகும். பிரசவ வேதனையுற்ற பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச்செல்லும் காட்சி மலையகச் சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் வருவதைக் கூறியது கூறல் எனச் சில விமரிசகர் குறைகூறுவர். வாழ்க்கையே அதனை மீண்டும் மீண்டும் கூறியதென்பதை அவர் கருதுவதில்லை. கொழுந்துக்கு நேரத்துக்கு வாகனம் உண்டு. நோயாளிக்கு அது ஒழிந்த நேரத்திலேயே கிடைக்கும். இதில் ஒரு பொருளாதார அமைப்பின் முன்னுரிமைகள் முழுவதும் அடங்கியுள்ளன.

முடிவுரை

இன்று தேயிலை பெரும்பாலும் லொறிகளிலும் கொள்கலன்களிலும் கொழும்புக்குச் செல்கின்றது. மலையேறும் புகையிரதமோ உல்லாசப் பயணிகளின் விருப்பத்துக்குரிய காட்சிப்பொருளாகிவிட்டது. பெட்டியின் இருபுறமும் விரியும் பசுமையைப் பயணி படமெடுக்கின்றார். அப்படத்திலே கூடையோடு நிற்கும் பெண் மாலையில் எப்பாதையால் வீடு திரும்புவார் என்பது படத்தின் எல்லைக்குள் வருவதில்லை. கோப்பிக்காக அமைந்து, தேயிலைக்காக நீண்டு, இன்று காட்சிக்காகப் பேணப்படும் அவ்விருப்புப்பாதை, எக்காலத்திலும் தன் இருமருங்கிலும் வாழ்வோருக்காக முதன்மையாகத் திட்டமிடப்படவில்லை.

ஆகவே மலையகப் போக்குவரத்துப் பற்றிய கோரிக்கையை இன்னும் சில மைல் கொங்கிறீற்றுக்கான கோரிக்கையாகக் குறுக்கிவிடலாகாது. லயனுக்குச் செல்லும் ஒவ்வொரு பாதையும் உள்ளூராட்சி மன்றத்தின் பதிவேட்டிலே பொதுப்பாதையாக இடம்பெறல் வேண்டும். அதனைப் பேணும் கடமை சட்டத்தாற் பொறுப்பிக்கப்படல் வேண்டும். அதுபற்றி முடிவெடுக்கும் அவையில் அதில் நடப்போர் அமர்தல் வேண்டும். 1896இல் பரப்பளவின் அடிப்படையிற் சில துரைமாருக்கு வழங்கப்பட்ட உரிமையை, மனிதர் என்னும் அடிப்படையிற் பல்லாயிரம் தொழிலாளருக்கு வழங்குமாறு கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கையன்று. தொழிலாளியின் வீட்டு வாசலில் தொடங்கும் பாதை அரச வீதியோடு பொதுப்பாதையாகவே இணையும் நாளில்தான், நாட்டின் போக்குவரத்தைத் தேசியப் போக்குவரத்து என அழைப்பதற்கு நாம் உரித்துடையவராவோம்.